பதினெட்டு வயதானதும் பிள்ளையின் தாபரிப்புப் பணம் நின்றுவிடுமா?

இந்தப் பாடத்தில் நீங்கள் அறிந்துகொள்வது: பிள்ளைகளின் தாபரிப்புப் பணம் எந்த வயதுவரை கிடைக்கும், பதினெட்டு வயதின் பின் படிக்கும் பிள்ளை என்ன செய்யலாம், இடப்பெயர்வில் ஆவணங்களை இழந்தவர்கள் எங்கே தொடங்குவது, தந்தை பணம் கட்டாவிட்டால் நீதிமன்றம் என்ன செய்யும்.

ஒரு தாயின் கேள்வி

மீள்குடியேறிய கிராமம் ஒன்றில் நடக்கும் உரையாடல் இது. உங்கள் ஊரிலும் நடந்திருக்கக்கூடும்.

"மகளுக்குப் போன மாதம் பதினெட்டு முடிஞ்சுது. அவளின்ர தகப்பன் மற்ற ஊரில வேற குடும்பமா இருக்கிறார். கோட்டில வழக்குப் போட்டுத்தான் மாதாமாதம் காசு எடுத்தனான். இந்த மாதம் காசு வரேல்லை. கேட்டால், 'பிள்ளைக்குப் பதினெட்டு ஆகீட்டுது, இனி எனக்குப் பொறுப்பில்லை' எண்டு சொல்லுறார். இவள் இன்னும் ஏ.எல். சோதினை எழுதேல்லை. முகாமில இருந்த காலத்தில இரண்டு வருசம் படிப்புப் பிந்தீட்டுது. இப்ப படிப்பை விட்டிட்டுக் கடையில வேலைக்குப் போகப் போறன் எண்டு நிக்கிறாள்."

தந்தை சொன்னதில் பாதி சரி, பாதி பிழை. பதினெட்டு வயதில் சட்டத்தில் ஒரு மாற்றம் நிகழ்கிறது என்பது சரி. அத்துடன் பெற்றோரின் பொறுப்பு முடிந்துவிடுகிறது என்பது பிழை. இந்த வேறுபாடு தெரியாததால் ஒரு பிள்ளையின் உயர்தரப் படிப்பு இடையில் நின்றுவிடலாம். ஆகவே இதைக் கவனமாகப் பார்ப்போம்.

சட்டம் என்ன சொல்கிறது?

இலங்கையில் தாபரிப்பைப் பற்றிய பிரதான சட்டம் 1999 ஆம் ஆண்டின் 37 ஆம் இலக்கப் பராமரிப்புச் சட்டமாகும். அதற்கு முன்னர் 1889 ஆம் ஆண்டின் பழைய கட்டளைச் சட்டம் நடைமுறையில் இருந்தது. ஊரில் பெரியவர்கள் சிலர் இன்னும் பழைய சட்டத்தை நினைவில் வைத்தே பேசுவார்கள். இன்று செல்லுபடியாவது 1999 ஆம் ஆண்டுச் சட்டமே.

இந்தச் சட்டம் பிள்ளைகளை மூன்று வகையாகப் பிரிக்கிறது.

1. பிள்ளை: பதினெட்டு வயதுக்குக் குறைந்தவர்.

2. வயதுவந்த பிள்ளை: பதினெட்டு வயதுக்கும் இருபத்தைந்து வயதுக்கும் இடைப்பட்டவர்.

3. வலுவிழப்புள்ள பிள்ளை: உடல் அல்லது உளக் குறைபாட்டினால் தனது வாழ்க்கைத் தேவைகளை முழுவதுமாகவோ ஓரளவோ தானே நிறைவேற்ற முடியாதவர். இவருக்கு வயதெல்லை இல்லை. குறைபாடு பிறப்பிலேயே இருந்திருக்க வேண்டும் என்பதும் இல்லை. எறிகணையிலோ கண்ணிவெடியிலோ காயப்பட்டு இந்நிலைக்கு வந்த பிள்ளையும் இதில் அடங்கலாம்.

மூன்று வகையிலும் அடிப்படை ஒன்றே. போதிய வசதியுள்ள தாய் அல்லது தந்தை, தன்னைத் தானே பராமரிக்க முடியாத பிள்ளையைப் பராமரிக்காது விட்டால், அல்லது பராமரிக்க மறுத்தால், நீதவான் மாதாந்தக் கொடுப்பனவு ஒன்றைக் கட்டளையிடலாம். பிள்ளை சட்டபூர்வ திருமணத்தில் பிறந்ததா, திருமணத்துக்கு வெளியே பிறந்ததா என்பது இந்த உரிமையைப் பாதிக்காது. ஆனால் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளையாயின், இவரே தந்தை என்பதை நம்பத்தகுந்த சான்றுகளால் நீதவானுக்கு நிரூபிக்க வேண்டும்.

சட்டம் தந்தையை மட்டும் குறிப்பிடவில்லை. பெற்றோர் இருவரையுமே குறிப்பிடுகிறது. பிள்ளை தந்தையுடன் வாழ, தாய்க்கு நல்ல வருமானம் இருந்தால் தாயிடமிருந்தும் தாபரிப்புக் கேட்கலாம். தாய், தந்தை இருவரும் விட்டுச் சென்று பிள்ளை அம்மம்மாவுடன் வளர்ந்தால், பிள்ளையைத் தன் பொறுப்பில் வைத்திருப்பவர் என்ற முறையில் அம்மம்மா மனுச் செய்யலாம்.

பதினெட்டாவது பிறந்தநாளில் நடப்பது என்ன?

சிறுவயதில் பிள்ளைக்காகப் பெற்ற கட்டளை, "பிள்ளை" என்ற முதலாவது வகையில் பெறப்பட்டது. பதினெட்டு வயது நிறைந்ததும் அவர் அந்த வகையிலிருந்து வெளியே வருகிறார். அதன்பின் தொடர்ந்து உதவி தேவையாயின், "வயதுவந்த பிள்ளை" என்ற இரண்டாவது வகையில் அதைக் கோர வேண்டும். அது தானாக வந்து சேராது. கேட்டுப் பெறவேண்டும்.

இங்கேதான் பல குடும்பங்கள் தவறவிடுகின்றன. பணம் நின்றதும், "சட்டம் அப்படித்தான்" என்று பேசாமல் இருந்துவிடுகிறார்கள். ஓராண்டு கழித்து யாரோ சொல்லி அறிந்து நீதிமன்றம் போகும்போது, கடந்துபோன மாதங்களுக்குப் பணம் கேட்பது கடினமாகிவிடுகிறது. கட்டளை பொதுவாக மனுத் தாக்கல் செய்த திகதியிலிருந்தே நடைமுறைக்கு வரும். ஆகவே தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் பிள்ளைக்கு ஏற்படும் நட்டமாகும்.

பிள்ளைக்குப் பதினேழரை வயதாகும்போதே இந்த ஆயத்தத்தைத் தொடங்குங்கள். பிறந்தநாள் வரும்போது கடதாசிகள் கையில் இருக்கட்டும்.

இன்னொரு விடயம். பதினெட்டு வயதுக்கு முன்னர் கட்டாமல் விட்ட நிலுவை, பிறந்தநாளுடன் அழிந்துவிடாது. உதாரணமாக, மாதம் 5,000 ரூபா கட்டும்படி கட்டளை இருந்து, பிறந்தநாளுக்கு முந்திய 7 மாதங்கள் தந்தை கட்டாமல் விட்டிருந்தால், 35,000 ரூபா நிலுவை இருக்கிறது. அதை அறவிடுமாறு அதே வழக்கில் கேட்கலாம்.

பல பிள்ளைகள் உள்ள குடும்பங்கள் இதையும் கவனிக்க வேண்டும். மூத்த பிள்ளைக்குப் பதினெட்டு ஆனதும் சில தந்தைமார் எல்லாருடைய பணத்தையும் நிறுத்திவிடுகிறார்கள். அது பிழை. இளைய பிள்ளைகளுக்குரிய தொகை அப்படியே தொடர வேண்டும். கட்டளையின் பிரதியை எடுத்து, ஒவ்வொரு பிள்ளைக்கும் எவ்வளவு என்று தனித்தனியாக எழுதப்பட்டுள்ளதா எனப் பாருங்கள். மொத்தமாக ஒரே தொகை எழுதப்பட்டிருந்தால், அதை எப்படிப் பிரிப்பது என்பதை நீதவானிடம் கேட்க வேண்டும். தந்தை தானாகக் குறைக்க முடியாது.

பதினெட்டின் பின் யாருக்குக் கிடைக்கும்?

இருபத்தைந்து வயதுக்குட்பட்ட எல்லாருக்கும் தாபரிப்புக் கிடைக்கும் என்று எண்ணக்கூடாது. இங்கே முக்கியமான கேள்வி ஒன்றுதான்: இந்தப் பிள்ளையால் தன்னைத் தானே பராமரிக்க முடியுமா?

உயர்தரம் படிக்கும் மாணவர், பல்கலைக்கழக மாணவர், தொழிற்பயிற்சி நிலையத்தில் முழுநேரம் பயிலும் இளைஞர் ஆகியோர் உழைக்க நேரமின்றிப் படிக்கிறார்கள். அவர்களால் தம்மைப் பராமரிக்க முடியவில்லை என்பதைச் சான்றுகளுடன் நீதவானுக்கு எடுத்துக் காட்டலாம். நமது பகுதிகளில் இடப்பெயர்வால் படிப்புப் பிந்திய பிள்ளைகள் பலர். பத்தொன்பது, இருபது வயதிலும் பாடசாலைச் சீருடையுடன் இருப்பதற்கு அவர்கள் பொறுப்பாளிகள் அல்லர். எந்த ஆண்டு எங்கே இடம்பெயர்ந்தோம், எத்தனை மாதம் பாடசாலை இல்லை, எப்போது மீண்டும் சேர்ந்தார் என்பதை மனுவில் தெளிவாக எழுதுங்கள். அதிபரின் கடிதம் அதற்கு வலுச் சேர்க்கும்.

மாறாக, படிப்பை முடித்து நிரந்தர வேலையில் சேர்ந்து போதிய சம்பளம் பெறும் பிள்ளைக்கு, இருபத்திரண்டு வயதாக இருந்தாலும், தாபரிப்புக் கேட்பது கடினம். புலமைப்பரிசில் பணம், பகுதிநேர வருமானம் என்பவற்றையும் நீதவான் கணக்கில் எடுக்கலாம். அவற்றை மறைக்க வேண்டாம். "இவ்வளவு கிடைக்கிறது, இவ்வளவு செலவாகிறது, இவ்வளவு போதவில்லை" என்று சொல்வதே நல்லது. மறைத்தது வெளிவந்தால் உங்கள் மற்றச் சொற்களும் நம்பப்படாமல் போகலாம்.

தொகையைத் தீர்மானிக்கும்போது நீதவான் பெற்றோரின் வருமானத்தையும் பிள்ளையின் தேவைகளையும் நிலைமையையும் பார்ப்பார். ஆகவே ஒரு கொப்பியில் மாதச் செலவை எழுதிவையுங்கள்: சாப்பாடு, பஸ் கட்டணம் அல்லது சீசன் ரிக்கற், தனியார் வகுப்புக் கட்டணம், கொப்பி, புத்தகம், உடுப்பு, மருந்து, பல்கலைக்கழகமாயின் தங்குமிட வாடகை. பற்றுச்சீட்டுகளை எறியாமல் சேர்த்து வையுங்கள்.

மனுச் செய்வது எப்படி?

பராமரிப்பு மனுவை நீதவான் நீதிமன்றத்தில் தாக்கல் செய்ய வேண்டும். நீங்கள் இப்போது வசிக்கும் பகுதிக்குரிய நீதிமன்றத்திலேயே செய்யலாம். தந்தை வாழும் ஊருக்குப் போகவேண்டியதில்லை. மீளத் திரும்பிய குடும்பங்களுக்கு இது பெரிய ஆறுதல்.

பதினெட்டு வயது நிறைந்த பிள்ளை தனது பெயரிலேயே மனுச் செய்யலாம். தாய் சாட்சியாக இருக்கலாம். பிள்ளைக்கு இது கூச்சமாகவோ பயமாகவோ இருக்கும். "அப்பாவுக்கு எதிராக வழக்கா?" என்று கேட்கும். அதட்டாமல் இருந்து பேசுங்கள். படிப்பதற்கு உதவி கேட்பது தந்தையைப் பகைப்பது ஆகாது என்பதைச் சொல்லுங்கள். முதலில் ஒரு கடிதத்தின் மூலம் தந்தையிடம் கேட்டுப் பார்ப்பதும் நல்லது. அவர் இணங்கினால் அந்த இணக்கத்தையும் நீதிமன்றத்தில் பதிவு செய்துகொள்ளுங்கள். வாய்ப்பேச்சு ஆறு மாதத்தில் மறந்துபோகும்.

செய்யவேண்டிய ஒழுங்கு:

முதலாவது, பழைய வழக்கின் இலக்கத்தைக் கண்டுபிடியுங்கள். கட்டளையின் உறுதிப்படுத்தப்பட்ட பிரதியை அந்த நீதிமன்றப் பதிவாளர் அலுவலகத்தில் கேட்கலாம்.

இரண்டாவது, பிள்ளையின் பிறப்புச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை, பெற்றோரின் விவாகச் சான்றிதழ், பாடசாலை அல்லது பல்கலைக்கழகக் கடிதம், செலவுக் கணக்கு, தந்தையின் தொழில், முகவரி, வருமானம் பற்றித் தெரிந்த விபரங்கள் ஆகியவற்றை ஒரு கோவையில் சேருங்கள்.

மூன்றாவது, சட்டத்தரணிக்குக் கொடுக்கப் பணம் இல்லையெனில் சட்ட உதவி ஆணைக்குழுவின் அலுவலகத்துக்குச் செல்லுங்கள். 1978 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் அமைக்கப்பட்ட இந்த ஆணைக்குழு, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாக உதவுகிறது. பிரதேச செயலகத்திலுள்ள பெண்கள் அபிவிருத்தி உத்தியோகத்தரும் சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தரும் வழிகாட்டுவார்கள்.

நான்காவது, மனுவுடன் உண்மைகளை எழுதிய சத்தியக்கடதாசி ஒன்றும் வேண்டும். அதன்பின் நீதவான் தந்தைக்கு அழைப்பாணை அனுப்புவார். தவணைத் திகதிகளைத் தவறவிடாதீர்கள்.

குறிப்பு: உங்கள் தாபரிப்புக் கட்டளை விவாகரத்து வழக்கில் மாவட்ட நீதிமன்றத்தால் வழங்கப்பட்டதாயின், அடுத்த படி எந்த நீதிமன்றத்தில் என்பதை முதலில் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

ஆவணங்கள் தொலைந்துபோனால்

இடம்பெயர்ந்தபோது பலர் கைப்பையுடன் மட்டுமே வந்தோம். ஆவணம் தொலைந்ததால் உரிமை தொலைந்துவிடாது.

பிறப்புப் பதிவு செய்யப்பட்டிருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதிக்கு விண்ணப்பியுங்கள். பதிவே செய்யப்படாவிட்டால் காலங்கடந்த பிறப்புப் பதிவுக்கு விண்ணப்பிக்கலாம். பதிவு செய்ததற்கான தடயம் கிடைக்காதவர்களுக்கு உத்தேச வயதுச் சான்றிதழ் என்ற வழியும் உண்டு. பாடசாலை அனுமதிப் பதிவேடு, ஞானஸ்நானப் பதிவு, தடுப்பூசி அட்டை, முகாம் குடும்ப அட்டை எல்லாம் வயதைக் காட்ட உதவும். இந்த விடயத்தில் வயதே எல்லாவற்றுக்கும் அடிப்படை என்பதால், திகதியில் ஒரு பிழை இருந்தாலும் முன்கூட்டியே திருத்துங்கள்.

இந்தியாவில் அகதியாக இருந்தபோது பிறந்த பிள்ளையாயின், அங்கு பெற்ற பிறப்புச் சான்றிதழின் மூலப்பிரதியைப் பத்திரமாக வைத்திருங்கள். குடியுரிமைப் பதிவு முடியாவிட்டால் அதையும் சேர்த்து முடித்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டாவிட்டால்

கட்டளை இருந்தும் தந்தை கட்டாவிட்டால் அதே நீதிமன்றத்தில் முறையிடுங்கள். சம்பளம் பெறுபவராயின், சம்பளத்திலிருந்து கழித்து அனுப்புமாறு தொழில் வழங்குநருக்கு நீதவான் கட்டளையிடலாம். நிலுவையைத் தண்டப்பணம் அறவிடுவதுபோல அறவிடவும் முடியும். அதன்பின்பும் கட்டாவிட்டால், நிலுவையான ஒவ்வொரு மாதத்துக்கும் ஒரு மாதம்வரை மறியல் தண்டனை விதிக்கவும் சட்டம் இடமளிக்கிறது.

"அவரை மறியலில் போட எனக்கு விருப்பமில்லை" என்று பல தாய்மார் சொல்வார்கள். அது விளங்கக்கூடியதே. நீதிமன்றத்தின் நோக்கமும் பணம் பிள்ளைக்குப் போய்ச் சேரவேண்டும் என்பதே. நிலுவையைத் தவணையாகக் கட்ட அவர் இணங்கினால் அதை நீதவானிடம் தெரிவியுங்கள்.

தந்தை மேன்முறையீடு செய்தால் என்ன? மேன்முறையீடு மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகும். ஆனால் மேல் நீதிமன்றம் வேறுவிதமாகக் கட்டளையிட்டாலன்றி, மேன்முறையீடு செய்த காரணத்தால் மட்டும் கொடுப்பனவு நிறுத்தப்படாது.

கட்டளை எப்போது மாறும்?

நிலைமை மாறினால் இரு பகுதியினரும் நீதிமன்றத்தில் மாற்றம் கேட்கலாம். பிள்ளை பல்கலைக்கழகம் சென்று செலவு கூடினால் நீங்கள் கேட்கலாம். தந்தை வேலை இழந்தால் அல்லது நோயுற்றால் அவரும் கேட்கலாம். பிள்ளை வேலைக்குச் சேர்ந்தால் கட்டளையை நீக்குமாறு அவர் கேட்கலாம். எதுவானாலும் மாற்றுவது நீதவானே.

சில தனி நிலைமைகள்

முஸ்லிம் குடும்பங்கள்: பெற்றோர் இருவரும் முஸ்லிம்களாயின், முஸ்லிம் விவாக, விவாகரத்துச் சட்டத்தின்கீழ் தாபரிப்புக் கோரிக்கை காதி நீதிமன்றத்தில் விசாரிக்கப்படும். புத்தளத்திலிருந்து மன்னாருக்கோ யாழ்ப்பாணத்துக்கோ திரும்பியவர்கள் தங்கள் பகுதிக்குரிய காதி நீதவான் யார் என்பதைப் பிரதேச செயலகத்தில் விசாரிக்கலாம்.

தந்தை வெளிநாட்டில்: அவரது முகவரி, வேலை, இலங்கையிலுள்ள காணி, வங்கிக் கணக்குப் பற்றிய விபரங்களைச் சேர்த்துக்கொண்டு சட்ட உதவி ஆணைக்குழுவை அணுகுங்கள். எந்த நாடு என்பதைப் பொறுத்து வழி வேறுபடும்.

தந்தை காணாமல் போனவர்: தாபரிப்பு வழக்கு இங்கே பொருந்தாது. காணாமல் போனவர்களின் குடும்பங்களுக்குக் காணாமைச் சான்றிதழ் வழங்க 2016 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கத் திருத்தச் சட்டம் வழி செய்கிறது. மரணச் சான்றிதழ் எடுக்க மனம் ஒப்பாதவர்கள் இதைப் பெறலாம். அரச உதவிகளுக்கு விண்ணப்பிக்க அது பயன்படும்.

அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

"பிரியும்போது, இனி ஒன்றும் கேட்கமாட்டேன் என்று பெரியவர்கள் முன் கையெழுத்து வைத்தேன். இப்போது கேட்க முடியுமா?" தாபரிப்பு பிள்ளையின் உரிமை. நீங்கள் வைத்த கையெழுத்தினால் அது பறிபோய்விடாது. அந்தக் கடதாசியையும் சட்டத்தரணியிடம் காட்டுங்கள்.

"வீட்டை எங்களுக்கு விட்டுத் தந்துவிட்டார். அதனால் காசு தரத்தேவையில்லை என்கிறார்." வீடு தந்ததை நீதவான் கவனத்தில் எடுக்கலாம். ஆனால் அதைக் காரணம் காட்டித் தாமாகவே நிறுத்த அவருக்கு அதிகாரம் இல்லை. பிள்ளை கல்லைத் தின்று படிக்க முடியாதல்லவா?

"மகளுக்குத் திருமணமானால்?" திருமணமானவரைப் பராமரிக்கும் பொறுப்பு வாழ்க்கைத் துணைக்கும் உண்டு. ஆகவே தந்தை கட்டளையை மாற்றக் கேட்கலாம். பணம் குறைவதைத் தடுப்பதற்கென்று திருமணத்தை மறைப்பதோ, வயதுக்கு முந்திய திருமணத்தால் செலவைக் குறைக்க நினைப்பதோ பிள்ளைக்கு நன்மை தராது.

நினைவில் வைக்க

பதினெட்டு வயதுவரை: பிள்ளை என்ற முறையில் உரிமை.
பதினெட்டு முதல் இருபத்தைந்துவரை: தன்னைப் பராமரிக்க முடியாவிட்டால், கேட்டுப் பெறும் உரிமை.
வலுவிழப்புள்ள பிள்ளைக்கு: வயதெல்லை இல்லை.
பழைய நிலுவை: பிறந்தநாளுடன் அழியாது.
தாமதித்த மாதங்கள்: திரும்பி வருவது கடினம்.

கலந்துரையாட

1. உங்கள் வீட்டில் பதினாறு வயதுக்கு மேற்பட்ட பிள்ளைகளின் பிறப்புச் சான்றிதழ்கள் சரியாக உள்ளனவா? இன்றே எடுத்துப் பாருங்கள்.

2. உங்கள் பகுதிக்குரிய நீதவான் நீதிமன்றமும் சட்ட உதவி அலுவலகமும் எங்கே உள்ளன? பஸ்ஸில் போய்வர எவ்வளவு நேரம் ஆகும்?

3. பாடத்தின் தொடக்கத்தில் பேசிய தாய் உங்கள் அயலவராக இருந்தால், நாளைக்கே எதைச் செய்யச் சொல்வீர்கள்?

மூன்றாவது கேள்விக்கு எமது பதில் இது: மகளைக் கடை வேலைக்கு அனுப்ப வேண்டாம். பாடசாலைக்கு அனுப்புங்கள். அதிபரிடம் கடிதமும் நீதிமன்றத்தில் கட்டளைப் பிரதியும் பெற்றுக்கொண்டு, இந்தக் கிழமைக்குள் சட்ட உதவி அலுவலகத்துக்குப் போங்கள். இடப்பெயர்வு அவளிடமிருந்து ஏற்கெனவே இரண்டு வருடங்களை எடுத்துவிட்டது. மூன்றாவது வருடத்தை அறியாமையால் இழக்க விடாதீர்கள்.